எதுக்கு பாய்

பக்கத்து ஷெட்டை ஒருவர் எடுத்திருக்கிறார், குவைத்திலிருந்து திரும்பி வந்தவர், களிமண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அந்த ஷெட்டுக்கும் என் ஷெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான் பியூஸ் கட்டை செய்கிறவன். என் சூளை பெரியது. என் சரக்கை எவ்வளவு அடுக்கினாலும் பாதி இடம் காலியாகவே கிடக்கும். மீதிப் பாதியில் வெறும் காற்றைச் சுட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக வந்தவருக்குச் சொந்தச் சூளை கிடையாது. பேசிப் பார்க்கலாம் என்று போனேன்.

மடித்துக் கட்டிய கைலியும் வெள்ளை பனியனுமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நான் யார் என்று சொல்லிவிட்டு, "எங்க சூளைல பாதி எடத்த நீங்க எடுத்துக்கலாம்" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குன்னா? நீங்க செய்யறத சுடறதுக்குத்தான்."

"அது எனக்கு. ஒங்களுக்கு எதுக்கு?"

இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. மறைத்துப் பேச வாய் வரவில்லை. "பாதி சூளை காலியா எரியுது பாய். கேஸு வீணாப் போவுது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாற்காலி போட்டிருப்பனே. உக்காருங்க."

உட்கார்ந்து பேசி முடித்தோம். பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுதறதுன்னா எழுதலாம். எனக்கு எதுக்கு, ஒங்களுக்கு எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிபோச்சு. அது தெரியாதவங்கதான் எழுதிக்கணும்" என்றார். சூளையில் பங்கு இருப்பதால் அன்றிலிருந்து நான் அவருக்குப் 'பங்காளி' ஆனேன். அவரை ஊரில் எல்லோரும் கூப்பிடுவது போல நானும் 'பாய்' என்றேன்.

பேட்டைக்குள் பாய்கள் பலர் உண்டு. ஆகவே ஒரு மாதத்துக்குள் அவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. 'எதுக்கு பாய்.' ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் நேராக எங்கள் தெருவில் கொண்டுவந்து இறக்குவார். பாய்க்கே அது தெரியும். ஒருமுறை போனில், "ஆமாங்க, எதுக்கு பாய்தான் பேசறேன்" என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதலில் பலருக்கும் அது எரிச்சலாகத்தான் இருந்தது. வேலைக்காரர்கள் லீவு கேட்டால் எதுக்கு என்பார். காதுகுத்து என்று பதில் வந்தால் யாருக்கு, எந்தக் கோயிலில் என்று விசாரித்துவிட்டு, "போயிட்டு வா. வெறுங்கையோட போவாத, அந்தச் சின்ன கிண்ணம் ரெண்டு எடுத்துக்க" என்பார். லீவை மறுத்ததாக எனக்கு நினைவில்லை. காரணம் மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, "காபி சாப்புடறீங்களாண்ணே?" என்று கேட்க, வாய் தவறிப்போய் "எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அவள் உள்ளே வந்து, "ஒங்க பங்காளிக்குக் கொஞ்சம் கழண்டிருக்குதுங்க" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். பாய் அதற்குள் வாசலில் இருந்து, "காபி வேணும்மா, காபி வேணும். பழக்கதோஷம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று கேட்டேன். குவைத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் பாத்திர அறையில் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார். "அலமாரி அலமாரியா தட்டு, கிண்ணம், கோப்பை. பாதிய யாரும் தொட்டதே இல்ல பங்காளி. ஒரு கிண்ணம் இருந்துச்சு, அதுல என்னா வெச்சி சாப்புடறதுன்னு சமையல்காரனுக்கே தெரியாது. செஞ்சவன் எதுக்கு செஞ்சான், வாங்கினவன் எதுக்கு வாங்கினான், ஒண்ணும் புரியல. தூசி தொடச்சே என் வயசு போச்சு. நான் செய்யற சாமான எவனும் தூசி தொடைக்கக் கூடாது, அவ்ளோதான்." இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தூசி என்ற சொல் வரும்போது விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அது கடைசி வரை அப்படியேதான் இருந்தது. மண் கூழைக் கரைப்பது, அச்சில் ஊற்றுவது, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குவது எல்லாம் ஸ்டெல்லாவின் பொறுப்பு. ஸ்டெல்லாவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வீடு. அதற்கு முன் பேட்டையில் வேறு இரண்டு இடங்களில் வேலை செய்தவள். பாய் அவளிடம் முதல் நாளே, "எனக்கு விக்கத் தெரியும், கேக்கத் தெரியும். செய்யத் தெரியாது. செய்யறது நீதான். தப்பு வந்தா என்கிட்ட சொல்லு, என்கிட்ட மறைக்காத" என்று சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்றாம் வாரமே, "பாய், நீங்க கூழ்ல கை வெக்காதீங்க, மோதிரம் விழுந்தா அச்சு போயிடும்" என்று அவரை வெளியே அனுப்பியதும் நடந்தது. அவர் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

ஷெட்டில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். ஐந்து பேரிடமும் ஆளுக்கொரு சாவி இருந்தது. பேட்டையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நான் என் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறவன். "எல்லார்கிட்டயும் எதுக்கு பாய் சாவி?" என்று அவருடைய கேள்வியையே அவரிடம் திருப்பினேன். "ஒரு சாவின்னா, அந்த ஆளு வர்ற வரைக்கும் மத்தவங்க வெயில்ல நிக்கணும். நிக்கறப்ப என்னா பண்ணுவாங்க? என்னையத்தான் திட்டுவாங்க" என்றார். பெரிய தத்துவம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர் வியாபாரம் நடத்திய விதத்தைச் சொன்னால்தான் அவரைப் புரியும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கக் கோப்பை வேண்டும், கோப்பையில் பொண்ணு மாப்பிள்ளை போட்டோ அச்சடித்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் 'சரி' என்று போட்டோவை வாங்கி வைத்திருப்பார்கள். பாய் எதுக்கு என்றார்.

"எதுக்கா? வந்தவங்க நெனப்பா வெச்சிருக்கத்தான்."

"வெச்சிருப்பாங்கம்மா. அதுல டீ குடிப்பாங்களா? ஒங்க பொண்ணு மொகத்துல வாய வெச்சி எப்பிடிக் குடிக்கிறது? அலமாரில ஏத்திடுவாங்க. அப்பறம் தூசிதான்."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாண வீட்டுக் காரியத்துக்கு வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று விறுவிறுவென வெளியேறினார். நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்த ஆர்டரை விரட்டிவிட்டாரே என்று எனக்கே பதறியது. பாய் அவர் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். "ஒங்க வூட்ல உப்பு எதுல கொட்டி வெச்சிருக்கீங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். பிளாஸ்டிக் டப்பாவில் என்றார் அந்த அம்மா, நடந்துகொண்டே. "உப்பு பட்டு டப்பா நாறுமே?" "நாறத்தான் செய்யுது." அங்கேயே நடை நின்றுவிட்டது.

கடைசியில் மூடி போட்ட சின்ன உப்பு ஜாடி செய்வது என்று முடிவாகியது. பெயர்கள் மூடியின் உள்பக்கம். ஸ்டெல்லாதான் ஜாடிக்கு வயிறு கொஞ்சம் பெருத்து, கை உள்ளே போகிற மாதிரி வாய் அகலமாக வைத்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் போன பெண்கள் பலர் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதே ஜாடி கேட்டு வந்தார்கள். இன்றைக்கும் கருவேப்பிலங்குறிச்சியில் எந்த வீட்டு அடுப்படிக்குள் போனாலும் யாரோ ஒரு தம்பதியின் பெயர் உப்புக்கு மேல் கவிழ்ந்து கிடக்கும்.

வேப்பூர் டீக்கடைக் கதை இதைவிடப் பெரியது. நெடுஞ்சாலையில் லாரிகள் நின்று போகிற கடை. அதன் முதலாளி பாயிடம் கோப்பை வாங்கினார். பிடி உடைகிறது, பிடி உடைகிறது என்று வாரா வாரம் போன் செய்தார். பாய் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார், பிடியைத் தடிமனாக்கிப் பார்த்தார், உடைவது நிற்கவில்லை. ஒருநாள் என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு, "வேப்பூர் போவலாம் பங்காளி" என்றார். போய் அங்கே ஒரு ஓரமாக நின்றுவிட்டார். வண்டி வண்டியாக டிரைவர்கள் வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். ஒருவரும் பிடியில் விரல் நுழைக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், அந்தப் பிடிக்குள் போகாது. கோப்பையை முழுசாகக் கையால் சுற்றிப் பிடித்துத்தான் குடித்தார்கள். பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற பெண்ணிடம் பாய் கேட்டார். "பிடி இருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்க முடியலண்ணே. குவிச்சிப் போட்டா ஒடையுது" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்து என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். "யாருக்குமே வேணாம் பங்காளி! குடிக்கிறவனுக்கு வேணாம், கழுவறவங்களுக்கு வேணாம். நான்தான் கோப்பைன்னா பிடி இருக்கணும்னு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

பிடி இல்லாத, இடுப்பில் தடித்த வளையம் வைத்த டம்ளரை ஸ்டெல்லா வார்த்துக் கொடுத்தாள். வளையத்தைப் பிடித்தால் கை சுடாது, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் அடுக்கலாம். வேப்பூர்க்காரர் அதற்குப் பிறகு உடைந்தது என்று போன் செய்யவில்லை, இன்னும் அனுப்புங்கள் என்றுதான் செய்தார். அடுத்து திட்டக்குடி பஸ் ஸ்டாண்டு கடைகள், அப்புறம் உளுந்தூர்பேட்டை. எங்கள் சூளையில் என் பாதி இடத்துக்குள் அவர் டம்ளர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்தன. நான் சண்டை போட்டேன். அவர் பதிலுக்கு என் பியூஸ் கட்டையைக் கையில் எடுத்து, இதை யார் பிடுங்குகிறார்கள், எப்போது பிடுங்குகிறார்கள், ஈரக் கையோடா என்று நோண்டத் தொடங்கினார். விடவில்லை. ஒரு மோட்டார் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நான் கைப்பிடியை அகலமாக்கி ஒரு கட்டை போட்டேன். திட்டக்குடிப் பக்கத்து விவசாயிகள் கடையில் வந்து 'பெரிய காது வெச்ச கட்டை' என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் காது பாய் கொடுத்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு முறை கேட்காமல் விட்டார். அதைச் சொல்லாமல் இருந்தால் இது அவருடைய முழுச் சித்திரமாக இருக்காது.

டம்ளர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். வேப்பூரில் எதிர்ச்சாரியில் இருக்கும் இன்னொரு டீக்கடையில் அதே டம்ளர் வந்துவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னார். பாய் அந்தக் கடைக்குச் சரக்கு கொடுக்கவில்லை. அதே வளையம், அதே வாய். பேட்டையின் மறுகோடியில் புதிதாகத் தொடங்கிய ஒரு ஷெட்டிலிருந்து போகிறது என்றும் தெரிந்தது. அந்த ஷெட்டில் ஸ்டெல்லாவின் கொழுந்தன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சில நாள் முன்பு அவன் பைக்கில் வந்து ஸ்டெல்லாவை அழைத்துப்போனபோது அவள் மடியில் ஒரு சாக்குப்பை இருந்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? டம்ளர் அச்சை அவள்தான் எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

பாய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு, "பூட்டு மாத்தப்போறேன், சாவியக் குடுங்க" என்றார். ஐந்து சாவியும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதுப் பூட்டுக்கு ஒரே சாவி. அது அவரிடம் மட்டும். அவர் வீடு பழமலைநாதர் கோயில் பக்கம், வந்து சேர எட்டரை ஒன்பது ஆகும். அதுவரை ஐந்து பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொன்னது போல அவரைத் திட்டவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் பார்க்க மோசமாக இருந்தது. மூன்றாம் நாள் ஸ்டெல்லா வரவில்லை. அவள் இல்லாமல் வார்த்த டம்ளர்கள் கோணிக்கொண்டு வந்தன. அந்த வாரம் சூளையில் என் கட்டைகள் மட்டும் வெந்தன.

பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கடைக்காரர்கள் போன் செய்தால் "ம், அனுப்பறேன்" என்றார். எதுக்கு என்ற சொல்லே அந்த நாட்களில் அவர் வாயில் வரவில்லை. பழகிய தெருவில் குழாயடிச் சத்தம் நின்றுபோனது மாதிரி எனக்குக் காது என்னவோ செய்தது. "வேப்பூர் போயி அந்த டம்ளர ஒரு தடவ பாத்துட்டாவது வரலாம் பாய்" என்று நானே வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உட்காரவைத்து டீ கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அத ஏன் கேக்கறீங்க. எதுத்தாப்ல அந்த டம்ளர் வந்ததுலேர்ந்து அவனுக்குத்தான் தலவலி. டீ கம்மியா ஊத்தறான்னு டிரைவருங்க சண்ட போடறாங்க. நம்ம கடையில இருந்து ஒருத்தன் போயி ஒண்ணு எடுத்தாந்து காட்டினான், இருங்க."

உள்ளே போய் எடுத்து வந்து, பாயின் டம்ளர் பக்கத்தில் வைத்தார். ஒரே முகம், ஒரே இடுப்பு. ஆனால் அண்ணன் பக்கத்தில் தம்பி நிற்கிற மாதிரி ஒரு விரல்கடை சின்னது.

முப்பது வருஷமாக மண்ணில் கிடக்கிறவன் நான், அதுவரை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பேச்சை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். "பாய், மண்ணு காயறப்பவும் வேகறப்பவும் சுருங்கும். அதனால அச்ச எப்பவும் பெருசாத்தான் போடுவோம். ஸ்டெல்லா நம்ம அச்சக் குடுத்திருந்தா இது ஒங்க டம்ளர் அளவுக்கே இருந்திருக்கும். அந்த ஷெட்டுக்காரங்க ஏதோ டீக்கடையில இருந்து வெந்த டம்ளர் ஒண்ண எடுத்து, அதுமேல அச்சு போட்டிருக்காங்க. அதான் இன்னொரு தடவ சுருங்கிடிச்சி. எந்த டீக்கடையில எவன் வேணா எடுத்திருக்கலாம். ஸ்டெல்லா குடுக்கல."

பாய் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். விருத்தாசலத்துக்குள் நுழையும்போது பின்னாலிருந்து, "சர்ச்சுப் பக்கம் வுடுங்க" என்றார்.

ஸ்டெல்லா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஒன்ன தப்பா நெனச்சிட்டம்மா" என்றார் பாய். "அச்சு ஒங்கிட்டேர்ந்து போவல. இப்பதான் தெரிஞ்சிது."

"இப்பதான் தெரிஞ்சிதா?" என்றாள். குரல் உயரவில்லை. "ஊர்ல ஒருத்தர வுடாம எதுக்கு, எதுக்குன்னு கேக்கறீங்க. காபி குடுத்தாக்கூட எதுக்குன்றீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தச் சாக்குல என்னா இருந்துச்சுன்னு கேட்டீங்களா? எங்க மாமியாருக்கு ரேஷன் அரிசி இருந்துச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பாய் தலை நிமிரவில்லை. "கேக்க பயமா இருந்துச்சு. நீ ஆமான்னு சொல்லிட்டீன்னா அப்பறம் நான் என்னா பண்றதுன்னு."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பிறகு, "சாவிய வாங்கினது எல்லார் முன்னாடியும். எங்கிட்ட தனியா வந்து சொன்னா போதாது" என்றாள்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைப் பிரிக்கும் நேரத்தில், பாய் ஷெட்டின் நடுவில் நின்றார். எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார். ஸ்டெல்லா வாசலோரம் நின்றாள். "நான் ஸ்டெல்லாவ சந்தேகப்பட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. கேக்காம நானா முடிவு பண்ணேன். தப்பு என்னோடது" என்றார். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பழையபடி ஆளுக்கொன்றாக, புதுப் பூட்டுக்கு ஐந்து சாவி வெட்டி மேசையில் வைத்திருந்தார். நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா எடுக்கவில்லை. வேலைக்கு மட்டும் வந்தாள்.

அன்றிலிருந்து அவள் அவரைப் 'பாய்' என்று கூப்பிடவில்லை. "மொதலாளி, கூழு தீந்துபோச்சு." "மொதலாளி, கிளேஸு வாங்கணும்." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சொல் விழும் ஒவ்வொரு தடவையும் பாய் உதட்டைக் கடித்துக்கொள்வார். "மொதலாளின்னு கூப்புடறா பங்காளி" என்று என்னிடம் முறையிடுவார். "மொதலாளிதான நீங்க?" என்றால், "குவைத்துல நானும் எல்லாரையும் மொதலாளின்னுதான் கூப்புட்டேன். ஒருத்தரையும் எனக்குப் புடிக்காது" என்பார்.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு நாள், ஸ்டெல்லா நேராக அவர் முன்னால் போய் நின்றாள். தனியாக ஒரு ஷெட் பார்த்திருப்பதாகச் சொன்னாள். உப்பு ஜாடி, ஊறுகாய் ஜாடி மட்டும் செய்யப்போகிறாளாம், ஜாடி அச்சுகளைக் கொடுத்தால் நல்லது என்றாள்.

நான் அங்கேதான் இருந்தேன். பாய் எதுக்கு என்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவளிடம் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இத்தன வருசம் செஞ்சிட்டேன் மொதலாளி. எல்லாம் யாரோ பேர்லதான் போவுது. எம் பேர்ல ஒரு ஜாடி வெளிய போவணும். எங்க தெருவுலயே வேலையில்லாம நாலு பொம்பளைங்க இருக்காங்க, அவங்களும் வருவாங்க. வேற ஒண்ணும் இல்ல."

பாய் சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் அவள் போனபிறகு என் ஷெட்டுக்கு வந்து பொழுதுபோகும் வரை புலம்பினார். "ஜாடிதான் பங்காளி நமக்குக் கல்யாண சீசன்ல சோறு போடறது. அதையே கேக்கறா." நான் வேண்டுமென்றே, "முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றேன். "எப்பிடிச் சொல்றது? எதுக்குன்னு கேட்டுட்டனே. அவ சொல்லிட்டாளே. அந்த ஜாடிக்கு வயிறு வெச்சது நானா, அவதான?" என்று என் மீதே எரிந்து விழுந்தார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஜாடி அச்சுகளை எல்லாம் குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி அவள் ஷெட்டுக்கு அனுப்பினார். ஜாடி கேட்டு வந்தவர்களையும் அங்கேயே கை காட்டினார். வந்தவர்களிடம், "செஞ்சதே அவங்கதாம்மா, நான் நடுவுல நின்னுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லவும் செய்தார்.

ஜாடி போனதும் அவருக்குக் கை ஒடிந்துவிடும் என்று பேட்டையில் பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. ஜாடி வாங்க வந்தவர்களை ஸ்டெல்லா டம்ளருக்கு இங்கே அனுப்பினாள். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் மோர் ஊற்றப் பெரிய டம்ளர் கேட்டார்கள். வேப்பூர் எதிர்க் கடைக்காரரே ஒருநாள் அசடு வழிய வந்து நின்றார், டிரைவர்களிடம் திட்டு வாங்கி முடியவில்லை, நிஜ டம்ளரே கொடுங்கள் என்று. பாய் அவருக்கு நாற்காலி போட்டார். இடைப்பட்ட காலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் டீ வரும் வரை அந்தத் 'தம்பி' டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், அது வேறு விஷயம்.

மூன்று ஷெட் சரக்குக்கு என் பழைய சூளை போதவில்லை. மூவரும் சேர்ந்து பெரிதாக ஒன்று கட்டினோம். ஸ்டெல்லா முதலில் தயங்கினாள். பாய் அவளிடம் நேராகப் பேசாமல் என்னைத் தூது அனுப்பினார். "அவங்க சரக்கு நடுத்தட்டுல, சூடு சீரா இருக்கற எடத்துல வெச்சிக்கட்டும், நான் ஓரமா வெச்சிக்கறேன்னு சொல்லுங்க" என்றார். அவள் அதைக் கேட்டுவிட்டு, "முறைவெச்சி மாத்திக்கலாம்னு மொதலாளிகிட்ட சொல்லுங்கண்ணே" என்று பதில் அனுப்பினாள். இருவருக்கும் நடுவில் அலைந்து என் செருப்புத்தான் தேய்ந்தது.

பாய் இப்போது காரைக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஷெட்டை அவருடைய தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். அவர் அங்கே மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு மீனையும் எதுக்கு என்று கேட்டுக்கொண்டிருப்பதாக மகள் போனில் சொல்லிச் சிரித்தாள். அவரை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தப் புதுச் சூளையை முதன்முதலாகத் திறந்த காலைதான்.

நல்ல வெயில். மூன்று ஷெட் ஆட்களும் கூடியிருந்தார்கள். சூடு முழுசாக இறங்கவில்லை, இருந்தாலும் யாருக்கும் பொறுமை இல்லை. நான் கதவைத் திறந்து தட்டுகளை வெளியே இழுத்தேன். பாய் மட்டும் பக்கத்தில் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே நின்று கேஸ் வண்டிக்காரரிடம் ஏதோ முக்கியமாகப் பேசுவது போல நடித்துக்கொண்டிருந்தார். ஜாடி விரிசல் விட்டிருக்குமோ என்று அவருக்குப் பயம். சொந்தச் சரக்கைப் பற்றி அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நடுத்தட்டிலிருந்து முதல் ஜாடியை எடுத்தாள். சுண்டினாள். மணி மாதிரி கணீரென்றது. மூடியை வைத்துச் சுற்றினாள், அது வழுக்கிக்கொண்டு பொருந்தி உட்கார்ந்தது. ஜாடியைத் திருப்பி அடியில் பதித்திருந்த தன் பெயரைப் பார்த்தாள். அந்தத் தெருப் பெண்கள் நால்வரும் அவளைச் சுற்றிக்கொண்டு சிரித்தார்கள். அவள் அவர்கள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பாய்! அங்க என்னா பண்றீங்க? வந்து புடிங்க, சுடுது!"

பாய் ஓடி வந்தார். துணி எடுக்கவில்லை, வெறும் கையால் ஜாடியை வாங்கிக்கொண்டார். "ஆ... ஆ..." என்று குதித்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் ஒரு சாக்குத் துண்டை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். "கேட்டுச்சா பங்காளி?" என்றார்.

"என்னா பாய்?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றிக்கொண்டு, கீழே வைக்காமல், ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோய் அந்த ஜாடியைக் காட்டினார்.